கடைசி லிங்க் போடும் முன்

பேட்டரி வேலை பழக வருகிற பிள்ளைகள் முதல் நாளே கேட்பது சீரீஸ் எப்படி, பேரலல் எப்படி என்றுதான். அதைச் சொல்லித்தர ஒரு நிமிஷம் போதும். ஒன்றின் பாசிட்டிவை அடுத்ததின் நெகட்டிவில் சேர்த்தால் சீரீஸ். வோல்ட் கூடும், ஏஹெச் (ஆம்பியர்-ஹவர்) அப்படியே நிற்கும். பாசிட்டிவோடு பாசிட்டிவும் நெகட்டிவோடு நெகட்டிவும் சேர்த்தால் பேரலல். வோல்ட் அப்படியே, ஏஹெச் கூடும். 12 வோல்ட் 150 ஏஹெச் பேட்டரி இரண்டை சீரீஸில் போட்டால் 24 வோல்ட் 150 ஏஹெச். பேரலலில் போட்டால் 12 வோல்ட் 300 ஏஹெச். எப்படிப் போட்டாலும் உள்ளே இருக்கிற சரக்கு அதே அளவுதான்.

இதைக் கேட்ட கையோடு ஸ்பேனரைத் தூக்குகிற பையனிடமிருந்து ஸ்பேனரை வாங்கி வைத்துவிட்டு ஹைட்ரோமீட்டரைக் கொடுப்பேன். இந்த வேலையில் முக்கால் பங்கு, லிங்க் ஒயரைத் தொடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

நான் தொழில் பழகியது திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு சின்னக் கடையில். லாரி, பஸ் பேட்டரிதான் அப்போது பெரும்பாலும்; இன்வெர்ட்டர் பேட்டரி பின்னால் வந்தது. கடை அண்ணாச்சி எந்தப் பேட்டரி வந்தாலும் முதலில் மேல்பக்கத்தை ஈரத்துணியால் துடைப்பார், பிறகு ஆறு மூடியையும் கழற்றுவார், ஆறு செல்லுக்கும் கிராவிட்டி, அதாவது ஆசிட்டின் அடர்த்தி, பார்த்து சாக்பீஸால் பேட்டரியின் பக்கத்திலேயே எழுதுவார். அவசரம் என்று யார் நின்றாலும் ஆறு எண்ணும் எழுதாமல் அடுத்த வேலைக்குப் போக மாட்டார். இரண்டு பேட்டரியைச் சேர்க்க வேண்டும் என்றால் பன்னிரண்டு எண். நான்கு என்றால் இருபத்து நான்கு.

கிராவிட்டி பார்ப்பதிலும் கை வேண்டும். குழாயைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். மிதவை கண்ணாடிச் சுவரில் ஒட்டக்கூடாது. கண்ணை ஆசிட் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய உடனே பார்த்தால் அந்த எண் பொய். தண்ணீர் மேலே நிற்கும், கனமான ஆசிட் கீழே கிடக்கும். ஒரு நல்ல சார்ஜ் ஏறி உள்ளே கலந்த பிறகுதான் பார்க்க வேண்டும். நம் ஊரில் டியூபுலர் பேட்டரிக்கு 27 டிகிரியில் 1240 என்பது வழக்கமான முழு சார்ஜ் கிராவிட்டி. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், லேபிளைப் படிக்க வேண்டும். ஆசிட் 37 டிகிரிக்குச் சூடாக இருந்தால் ஏழு பாயிண்ட் குறைத்துக் காட்டும். சித்திரை மதியத்தில் 1233 பார்த்துவிட்டு பேட்டரி சோர்ந்துவிட்டது என்று சொல்லிவிடக் கூடாது.

அண்ணாச்சி சொல்லித்தந்த ஒரு கணக்கு இன்றைக்கும் என் கையில் இருக்கிறது. கிராவிட்டியோடு 0.84 கூட்டினால் அந்தச் செல்லின் வோல்ட். 1240ஐ 1.240 என்று எடுத்தால் 2.08. ஆறு செல்லுக்கு 12.48. சார்ஜும் லோடும் இல்லாமல் ராத்திரி முழுக்கச் சும்மா இருந்த பேட்டரியில் மீட்டர் வைத்தால் இதற்குப் பக்கத்தில் வர வேண்டும். எல்லாப் பேட்டரிக்கும் 12.7 வர வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு நல்ல டியூபுலரைக் குறை சொல்லுகிறவர்கள் உண்டு. எஸ்எம்எஃப் பேட்டரியில் ஆசிட் கனமாக இருக்கும், அதனால் அது அதிகமாகக் காட்டும். அதை மூடி திறந்து பார்க்க வழியில்லை. ஓய்வு வோல்ட்டும் லோடு டெஸ்டரும்தான் கதி.

எதற்காக இவ்வளவு அளப்பு? சீரீஸில் எல்லாப் பேட்டரியிலும் ஓடுவது ஒரே கரண்ட். அதில் ஒன்று வலு குறைந்ததாக இருந்தால், மற்றவை பாதி நிறைந்திருக்கும்போதே அது காலியாகிவிடும். காலியான செல் வழியாக மற்றவை கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தச் செல் தலைகீழாகத் திரும்பும். சார்ஜ் ஏறும்போது அதே பேட்டரி முதலில் நிறைந்து கொதிக்கும், மற்றவை நிறைந்திருக்காது. சார்ஜருக்குத் தெரிவது மொத்த வோல்ட் மட்டும்தான். இரண்டு பேட்டரி வரிசையில் 28.8 வந்துவிட்டது என்று அது திருப்திப்பட்டுக்கொள்ளும். தனித்தனியாக மீட்டர் வைத்துப் பாருங்கள், ஒன்றில் 15.4, இன்னொன்றில் 13.4 இருக்கும். ஒன்று தண்ணீர் வற்றிச் சாகும், மற்றது சார்ஜ் ஏறாமல் சாகும்.

"எலே, கிழட்டு மாட்டையும் இளங்காளையையும் ஒரு நுகத்துல பூட்டுனா ரெண்டும் கெடும்லா" என்பார் அண்ணாச்சி. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே ஏஹெச், முடிந்தால் ஒரே மாதத்தில் தயாரானது. பேட்டரி வாங்கும்போதே மேலே குத்தியிருக்கிற தேதி எழுத்துகளைப் பார்த்து ஜோடி சேர்ப்பது எங்கள் பழக்கம். கடைக் குடோனில் ஆறு மாதம் தூங்கியதையும் போன வாரம் வந்ததையும் கலந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

ஒரு கல்யாண மண்டபத்தில் நான்கு பேட்டரி, 48 வோல்ட். மூன்று வருஷம் ஓடியபின் ஒன்றில் செல் டெட். அதை மட்டும் எடுத்துவிட்டு வேறு ஒருவர் புதுசு ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தார். முகூர்த்தம் நடக்கும்போது கரண்ட் போய் இன்வெர்ட்டரும் பத்து நிமிஷத்தில் நின்றுவிட்டது என்று எங்களைக் கூப்பிட்டார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தால் புதுசில் 12.3 இருக்கிறது, பழைய மூன்றில் ஒன்று 10க்குக் கீழே. புதுப் பேட்டரி மேல் குற்றமே இல்லை. அண்ணாச்சி நான்கையும் இறக்கி, தனித்தனியாகச் சார்ஜ் போட்டு, தனித்தனியாக லோடில் இறக்கிப் பார்த்து, பழையதில் தேறிய இரண்டை ஆபீஸ் அறையின் சின்ன இன்வெர்ட்டர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தார். மண்டபத்துக்குப் புது செட். ஏற்கெனவே வாங்கிய புதுசுக்கு வயசு ஒரு மாதம்தான். அதே மாடலில் மூன்று வாங்கி அதோடு சேர்த்தோம். அந்த அளவு வித்தியாசம் தாங்கும். செலவைக் குறைக்கிற வழி எப்போதும் பழசையும் புதுசையும் கலப்பதில் இல்லை, பழசைத் தனியாக வேலைக்கு விடுவதில் இருக்கிறது. காசில்லாத வாடிக்கையாளரிடம் இதை நிதானமாக உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

எத்தனை வோல்ட்டில் கட்டுவது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 1500 வாட் லோடுக்கு 12 வோல்ட்டில் 125 ஆம்பியர் இழுக்க வேண்டும். 24 வோல்ட்டில் 62, 48 வோல்ட்டில் 31. இன்வெர்ட்டர் தின்பது தனி. கரண்ட் பாதியானால் அதே ஒயரில் சூடு கால் பங்காகிவிடும். அதனால் பேட்டரி கூடுகிற இடத்தில் முடிந்தவரை சீரீஸ்தான் என் விருப்பம். பேரலல் வேண்டியிருந்தால் இரண்டு வரிசை, மிஞ்சிப்போனால் மூன்று. அதற்கு மேல் தேவை என்றால் பெரிய ஏஹெச்சுக்குப் போய்விடலாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்களில் 2 வோல்ட் பெரிய செல் இருபத்து நான்கை ஒரே வரிசையில் நிறுத்தி 48 வோல்ட் எடுப்பது இதனால்தான்.

பேரலலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஏமாற்று உண்டு. இரண்டு பேட்டரியையும் சேர்த்துவிட்டு, இன்வெர்ட்டருக்குப் போகிற இரண்டு ஒயரையும் முதல் பேட்டரியிலிருந்தே எடுப்பார்கள். முதல் பேட்டரிக்கு இன்வெர்ட்டர் பக்கத்தில். இரண்டாவதின் கரண்ட் மட்டும் இரண்டு லிங்க்கையும் நான்கு இணைப்பையும் தாண்டி வர வேண்டும். முதல் பேட்டரி அதிகம் உழைத்துச் சீக்கிரம் தேயும். பாசிட்டிவை ஒரு முனைப் பேட்டரியிலிருந்தும் நெகட்டிவை மறுமுனைப் பேட்டரியிலிருந்தும் எடுங்கள். மூன்று வந்தால் பஸ்பாரும் ஒரே நீள ஒயரும். ஒவ்வொரு வரிசைக்கும் பேட்டரியை ஒட்டியே தனி ஃப்யூஸ். ஒரு பேட்டரியில் செல் ஷார்ட் ஆனால் பக்கத்துப் பேட்டரி தன் சரக்கு முழுவதையும் அதற்குள் கொட்டும், யாரும் ஸ்விட்ச் போட வேண்டியதில்லை. அந்த நேரத்தில் காப்பது ஃப்யூஸ் ஒன்றுதான். அதுவும் டிசிக்கு என்று போட்டிருக்கிற ஃப்யூஸ், டிசி எம்சிபி. வீட்டு ஏசி எம்சிபியை இங்கே போடாதீர்கள். ஏசி நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்துக்கு வருவதால் தீப்பொறி தானே அணைகிறது. டிசியில் அந்தச் சலுகை கிடையாது. பொறி நின்று எரியும்.

2012இல் எங்கள் பக்கம் நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனது. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். வீட்டில் ஒரு பேட்டரி இருந்தவர்கள் எல்லாம் பக்கத்தில் இன்னொன்றைப் பேரலலில் போடச் சொல்லி வந்தார்கள். பெரும்பாலான கடைகள் போட்டுக் கொடுத்தன. அண்ணாச்சி முதலில் கேட்ட கேள்வி: "சார்ஜர் எத்தனை ஆம்பியர் கொடுக்கும்?" 150 ஏஹெச்சுக்கு 15 ஆம்பியர், அதாவது பத்தில் ஒரு பங்கு, வேண்டும். இரண்டு பேட்டரிக்கு 30. பல வீட்டு இன்வெர்ட்டரில் இருந்தது 12 ஆம்பியர்தான். இரண்டாவது பேட்டரி வந்தாலும் அதை நிரப்ப ஆள் இல்லை. அரைகுறையாகவே கிடந்த தகடுகளில் சல்பேட் இறுகி, இரண்டுமே ஒன்றரை வருஷத்தில் ஒன்றாக விழுந்தன. பேக்கப் கூட்டச் சொல்லி வருகிறவரிடம் சார்ஜர் ஆம்பியரும், கரண்ட் இருக்கிற நேரமும் கேட்காமல் பேட்டரி விற்காதீர்கள்.

இனி கை வேலை. ஒயர் முனையின் உறையை லக்கின் குழி ஆழத்துக்குச் சரியாக உரிக்க வேண்டும். ஒரு இழைகூட அறுபடக் கூடாது. இழைகளை முறுக்கித் திணிக்காமல் நேராகச் சேர்த்து நுழைத்து, அந்த அளவுக்கு உரிய அச்சில் கிரிம்பிங் போட வேண்டும். சுத்தியலால் தட்டிய லக் பார்க்கச் சப்பையாக, இறுக்கமாக இருக்கும். உள்ளே இழைகளுக்கு நடுவில் காற்று. போட்டபின் லக்கை வைஸில் பிடித்து ஒயரை உடம்பு எடையோடு இழுத்துப் பார்ப்பேன். வந்துவிட்டால் அது அங்கேயே வந்தது நல்லது.

டெர்மினலில் லக் நேராக ஈயத்தின் மேல் உட்கார வேண்டும். ஈயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, அதன் மேல் லக், அதன் மேல்தான் வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட். ஒரு கிளினிக்கில் இன்வெர்ட்டர் போடும் ஒவ்வொரு முறையும் பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறது என்றார்கள். மூன்று டெர்மினல் சரியாக இருந்தது. நான்காவதில் வாஷர், லக்குக்கும் ஈயத்துக்கும் நடுவில். கரண்ட் முழுவதும் அந்த இரும்பு வாஷர் வழியாகப் போய், ஈயம் ஒரு பக்கம் உருகி வழிந்து உறைந்திருந்தது. ஈயம் 327 டிகிரியில் உருகும். அந்தச் சூட்டுக்கு ஒரு விரற்கடை கீழேதான் ஆசிட்டும் கேஸும்.

இறுக்குவதில்தான் அண்ணாச்சியின் கை தனியாகத் தெரியும். 12-13 ஸ்பேனரை வால் முனையில் பிடிக்கவே மாட்டார். வாய்க்குப் பக்கத்தில், பாதி நீளத்தில் பிடிப்பார். மணிக்கட்டு பலம் மட்டும்தான் போகும், தோள் பலம் போகாது. ஈயம் மென்மையானது, வெறி கொண்டு இறுக்கினால் போஸ்ட் திரும்பி அடி சீல் விட்டுவிடும், பிறகு ஆசிட் கசிந்து பச்சை பூக்கும். அதே மென்மையால்தான் இறுக்கிய நட்டுக்குக் கீழே ஈயம் மெல்ல அமுங்கி, சில நாளில் தளரும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு திருப்பு. வாசலின் எல்லாம் இறுக்கி முடித்த பிறகு, மேலே.

வேலை சரியா என்று பார்க்க, லோடு ஓடும்போது மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஈயப் போஸ்ட்டிலும் மற்றதை லக்கிலும் தொடுங்கள். எல்லா இணைப்பும் ஏறக்குறைய ஒரே எண் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் ஐந்தாறு மடங்கு காட்டினால், கைக்குச் சூடு தெரியாவிட்டாலும் அதைப் பிரித்துச் சுத்தம் செய்து போடுங்கள்.

ஸ்பேனரின் வாய் தவிர மீதி முழுவதும் டேப் சுற்றியிருக்க வேண்டும். மோதிரம், வாட்ச், காப்பு, கழுத்துச் சங்கிலி கடையிலேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். சட்டைப் பையில் டெஸ்டர் கூடாது. குனிந்தால் விழுவது டெர்மினல் மேல்தான். எங்கள் தெருவில் இன்னொரு கடைப் பையன் வெறும் ஸ்பேனரைப் பேட்டரி மேல் வைத்துவிட்டுத் திரும்பினான். அது இரண்டு டெர்மினலையும் தொட்டு, ஒரு வெடிப்போடு ஒட்டிக்கொண்டு சிவந்தது. 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது சரி. ஆனால் ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் கொட்டும். அந்தச் சூட்டில் மோதிரம் விரலோடு வேகும்.

கடைசி லிங்க்கைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அண்ணாச்சியின் பெட்டியில் 24 வோல்ட் லாரி பல்பு ஒன்று ஹோல்டரோடு, இரண்டு கிளிப் வைத்து எப்போதும் இருக்கும். பேரலல் என்றால், நெகட்டிவ் இரண்டையும் சேர்த்தபின் பாசிட்டிவ் இரண்டுக்கும் நடுவில் ஒயருக்குப் பதில் அந்தப் பல்பை மாட்டுவார். பல்பு எரியக் கூடாது. முழுசாக எரிந்தால் எங்கேயோ பிளஸும் மைனஸும் மாறியிருக்கிறது; ஒயர் போட்டிருந்தால் வெடித்திருக்கும். எரியவில்லை என்றால் மீட்டரை எடுத்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பார்ப்பார். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால்தான் ஒயர்.

சீரீஸில் முதலில் மீட்டர். நான்கு பேட்டரி சேர்த்து இரு முனையிலும் 50 வர வேண்டிய இடத்தில் 25 வந்தால் ஒன்று தலைகீழாக நிற்கிறது. சரியாக வந்தபின், இன்வெர்ட்டரை ஆஃப் செய்து வைத்து, கடைசி இடைவெளியில் பல்பு. 48 வோல்ட்டுக்கு இரண்டு பல்பை வரிசையாக. இன்வெர்ட்டர் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர்கள் சார்ஜ் குடிக்கும். பல்பு பளிச்சென்று ஒரு தடவை எரிந்து தணியும். தணிந்த கையோடு லிங்க்கைப் போட்டால் பொறியே வராது. தணியாமல் எரிந்துகொண்டே இருந்தால் இன்வெர்ட்டர் பக்கம் ஒயர் மாறியிருக்கிறது அல்லது உள்ளே ஷார்ட். இந்தப் பல்பு எத்தனை இன்வெர்ட்டர் போர்டுகளைக் காப்பாற்றியிருக்கிறது என்று அந்த வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. டிசி எம்சிபி இருக்கிற இடத்தில் அதை ஆஃப் செய்துவிட்டுத்தான் லிங்க் போட வேண்டும். அப்போதும் பல்பை விடாதீர்கள்.

பொறிக்கு ஏன் இவ்வளவு பயம் என்றால், சார்ஜ் நிறைகிற பேட்டரி ஹைட்ரஜன் விடும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். லேசானது, மேலே போய்த் தேங்கும். நம் வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் கதவு போட்டு அடைத்து உள்ளே பேட்டரியை வைப்பார்கள். கதவின் மேல்பக்கம் காற்று போக வழி விடச் சொல்லுங்கள். பூஜை அலமாரிக்குக் கீழே பேட்டரியும், மேலே விளக்கும் ஊதுபத்தியுமாக இருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வேறு எந்த வேலையும் செய்யாமல் முதலில் பேட்டரியை இடம் மாற்றினோம். சார்ஜரை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, சற்று நேரம் கழித்துத்தான் நட்டைத் தொட வேண்டும்.

பதினைந்து பேட்டரி வரிசையாக நிற்கிற பெரிய யுபிஎஸ் வேறு சங்கதி. 180 வோல்ட், சார்ஜில் 200ஐத் தாண்டும். அங்கே ஷாக் அடிக்கும். பிரிக்கும்போது முனையிலிருந்து ஆரம்பிக்காமல் நடு லிங்க்குகளை முதலில் எடுத்து, எந்தத் துண்டிலும் 48 வோல்ட்டுக்கு மேல் நிற்காதபடி உடையுங்கள். காலடியில் ரப்பர் மேட், கையில் உறை, பக்கத்தில் ஒரு ஆள். இதைத் தனியாகச் செய்யப் புதிதாகப் பழகுகிற யாரையும் நான் விடுவதில்லை.

ஆசிட் விஷயத்தில் சுருக்கமாக: தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரும் ஆப்ப சோடாவும் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். சோடா தரைக்கும் பேட்டரி உடம்புக்கும். ஒரு சொட்டுகூடச் செல்லுக்குள் போகக் கூடாது. கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்து, பிறகு ஆஸ்பத்திரி. ஆசிட் பட்ட பருத்திச் சட்டை ஒரே சலவையில் சல்லடையாகிவிடும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் டீ கிளாஸைத் தொடக் கூடாது. வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கக் கூடாது.

முடித்த பிறகு பேட்டரி டிராலியில் ஒரு அட்டை கட்டிவிட்டு வாருங்கள். போட்ட தேதி, ஒவ்வொரு பேட்டரியின் வோல்ட், ஒவ்வொரு செல்லின் கிராவிட்டி. மாதம் ஒரு தடவை அதே வரிசையில் அதே எண்களை எடுக்க வேண்டும். மற்றவை 1240இல் நிற்க, ஒரு செல் மட்டும் 1210க்கு இறங்கியிருந்தால் அந்தப் பேட்டரியை வரிசையிலிருந்து எடுத்துத் தனியாக, குறைந்த ஆம்பியரில், மூன்று மணி நேரம் அடுத்தடுத்துப் பார்த்தும் கிராவிட்டி இனி ஏறவில்லை என்கிற நிலை வரும் வரைக்கும் சார்ஜ் போடுங்கள். 1240க்கு வந்துவிட்டால் மற்றவற்றையும் முழுசாக நிரப்பி அதோடு சேர்த்துவிடுங்கள். வரவில்லை என்றால் அட்டையை வீட்டுக்காரர் கையில் கொடுத்து எந்தச் செல், எவ்வளவு என்று காட்டுங்கள். அந்தப் பேட்டரியை மறுபடி வரிசையில் மாட்டிக் கொடுக்கச் சொன்னால் மாட்டாதீர்கள்.